மடியில் ஒரு பொறி

கிழக்கே புத்தளக் களப்பு, மேற்கே திறந்த கடல். இவ்விரண்டுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் கற்பிட்டிக் குடாநாடு. அந்நிலத்து ஊர்களுள் ஒன்று எத்தாளை. தென்னையும் தோட்டப் பயிரும் மீன்பிடியும் அப்பகுதி மக்களுக்குச் சோறு போடுவன. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. மணல் சுடும், ஓலை சருகாகும், கையாற் கசக்கிய தும்பிலே ஒரு பொறி விழுந்தாற் போதும், அடுப்புப் பற்றிக்கொள்ளும். அத்தகைய நாள்களில் நெருப்பைப் பற்றி ஒருவரும் எண்ணுவதில்லை.

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் நிலை மாறுகிறது. சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று வீசத் தொடங்கும் இடைக்காலத்தில், மாலை நேரங்களிற் கருமுகில் திரண்டு இடியோடு மழை கொட்டும். புத்தளப் பகுதிக்கு ஆண்டில் கிடைக்கும் மழையின் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களிலேதான் பெய்கிறது. அதே வேளையிலேதான் மேற்குக் கடல் அடங்கத் தொடங்குகிறது. சிலாபம், நீர்கொழும்பு ஆகிய இடங்களிலிருந்து மீனவர் குடும்பங்கள் வந்து, பத்தலங்குண்டு முதலிய தீவுகளில் வாடியமைத்துத் தொழில் தொடங்குவதும் இந்தப் பருவத்தையொட்டியே. மழையும் தொழிலும் ஒருங்கே வருகின்றன என்பதே இங்குள்ள சங்கடம்.

இந்தக் கரையிலிருந்து வள்ளத்தில் இருவர் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகலில் இயந்திரம் நின்றுவிடுகிறது. காற்றும் நீரோட்டமும் வள்ளத்தைத் தள்ளிச் சென்று ஆளற்ற மணற்றிட்டு ஒன்றிற் சேர்க்கின்றன. உயிருக்கு உடனே ஆபத்தில்லை. கையில் ஒரு பானை, அரைக்கொத்து அரிசி, ஒரு கலன் நன்னீர், சட்டைப் பையில் ஒரு நெருப்புப்பெட்டி. ஆனால் இரண்டு மணி நேரமாக மழை. நெருப்புப்பெட்டியைத் திறந்தால், குச்சியின் தலை களிமண்போல் இழைகிறது. பெட்டியின் உரசும் பக்கம் தாளோடு உரிந்து கையில் வருகிறது. திட்டிலே விறகு இல்லாமலில்லை. அலை ஒதுக்கிய கட்டைகளும் காய்ந்த புதரும் நிறையக் கிடக்கின்றன. எல்லாம் நனைந்தவை. இருட்டுகிறது, காற்று வலுக்கிறது. வெப்ப நாட்டிலே குளிராற் சாவது ஏது என்று கேட்பவர், நனைந்த உடையோடு இரவு முழுவதும் காற்றில் இருந்து பார்த்ததில்லை. காற்றின் வெப்பம் 24 பாகையாயிருப்பினும், ஈரத்துணி ஆவியாகும்போது உடம்பின் சூட்டை இடைவிடாமற் கவர்ந்துகொண்டேயிருக்கும். கரையிலுள்ளார் தேடிவந்தாலும், இருளிலே அவர்களுக்குத் திட்டு எது, திரை எது என்று தெரிய வேண்டுமே! அங்கே ஒரு கைப்பிடி உலர்ந்த பஞ்சின் விலை என்னவென்பதைச் சந்தையிற் கேட்டு அறிய முடியாது.

ஈர விறகு ஏன் எரிவதில்லை? ஈரம் நெருப்பை அணைக்கும் என்ற விடை சரிதான். ஆனால் அது எவ்வளவு நெருப்பை விழுங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. மரம் தீப்பற்ற ஏறக்குறைய 250 முதல் 300 பாகை வரை சூடேற வேண்டும். அதற்குள்ளிருக்கும் நீரோ 100 பாகையிற் கொதித்து ஆவியாகும். அந்த நீர் முற்றாக வெளியேறும்வரை அவ்விடத்து மரத்தின் சூடு 100 பாகையைத் தாண்டி மேலேறாது. 30 பாகையிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வேண்டும், கொதித்த நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும், ஆக 610. நெருப்புக்குச்சியொன்றின் மரம் பத்திலொரு கிராம் அளவே இருக்கும். ஒரு கிராம் உலர்ந்த மரம் எரிந்தால் சுமார் 4,000 கலோரி தருமாதலால், முழுக்குச்சியும் நுனிமுதல் அடிவரை எரிந்தாலும் கிடைப்பது 400 கலோரிதான். அதிலும் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அதாவது ஒரு குச்சியின் முழு வெப்பத்தையும் சிந்தாமற் சிதறாமற் பயன்படுத்தினாலும் ஒரு கிராம் நீரை, ஒரு சிறு கரண்டியின் கால்பங்கினும் குறைந்த நீரை, விரட்ட முடியாது. நனைந்த விறகின்மேல் குச்சிக்குமேற் குச்சியாகக் கிழித்துத் தள்ளுபவர் தமது பெட்டியைக் காலி செய்வதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

குச்சிக்கும் விறகுக்கும் இடையிலே ஒரு தூது வேண்டும். குச்சியின் சிறு தீயைத் தயங்காமல் வாங்கிக்கொள்வதாயும், வாங்கியதைப் பலமடங்காகப் பெருக்கி, ஐந்தாறு நிமிடமாவது நின்று எரிவதாயும் அது இருக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் தும்பு என்றும் பஞ்சு என்றும் சருகு என்றும் இடத்துக்கேற்ற பெயரால் வழங்குவது அதுவே. வெயிற்காலத்தில் அது காலடியிற் கிடக்கும். மழைக்காலத்தில் அதை மடியிற் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. புறநானூற்றிலே ஔவையார் அதியமான் நெடுமானஞ்சியைப் பற்றிப் பாடும்போது, வீட்டு இறப்பிற் செருகிவைத்த தீக்கடைகோலை அவனுக்கு உவமையாக்குகிறார். கோல் சும்மா கிடக்கும்போது அதனுள்ளே நெருப்பிருப்பது தோன்றாது, வேண்டும்போது தோன்றும். புலவர் கருதியது மன்னனின் ஆற்றலை. ஆனால் அந்தக் கோல் ஏன் இறப்பிலே செருகப்பட்டிருந்தது என்று வினவினால், அக்காலத்து மனையறத்தின் நுட்பமொன்று புலனாகிறது. கூரையின் அடியிலே மழை படாது. அடுப்புப் புகை நாள்தோறும் அவ்விடத்தைத் தடவிச் செல்லும். வீட்டிலே மிக உலர்ந்த இடம் அதுவே. நெருப்புத் தரும் கருவியை நிலத்திலே போடாமல் அங்கே செருகிய கை, மழைக்காலம் ஒன்றில் வருந்திக் கற்ற கையாகவே இருந்திருக்கும்.

தீக்கடைகோலைக் கடைவது எளிய வேலையன்று. ஆகையால் ஒருமுறை உண்டாக்கிய நெருப்பை அணையவிடாமற் காப்பதே பழைய குடும்பங்களின் வழக்கம். இரவிலே தணலைச் சாம்பலால் மூடிவைத்து விடியலிற் கிளறி எடுப்பார்கள். நீறு பூத்த நெருப்பு என்னும் தொடர் அந்த அடுப்பங்கரையிலிருந்துதான் பேச்சுக்கு வந்தது. அணைந்துபோனால் அயல்வீட்டிற் சென்று சிரட்டையிலோ ஓட்டுத் துண்டிலோ தணல் வாங்கி வருவார்கள். தென்னை மிகுந்த நாட்டிலே இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. வெற்றிலை பாக்குக் கடைகளின் முன்னே ஒரு தும்புக்கயிறு தொங்கும். அதன் நுனியிலே நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். சுருட்டுப் பற்றவைக்க வருபவர் கயிற்றை எடுத்து ஊதிப் பற்றவைத்துக்கொண்டு செல்வர். காலையில் மூட்டிய பொறி மாலைவரை அந்தக் கயிற்றிலே உயிரோடிருக்கும். தென்னந்தும்பிலே இலிக்னின் என்னும் பொருள் மிகுதி. அது சுடர்விட்டு எரிவதினும் கரியாகிக் கனல்வதே பெரும்பாலும் இயல்பு. சுடர் காற்றுக்கு அஞ்சும். கனலோ காற்றினால் வளரும். கடற்கரையிலே தும்புக்கயிறு நெருப்புக்கு ஏற்ற கூடாயமைந்தது இதனாலேயே. கடை வாயில்களில் அது இப்போது அருகிவிட்டது. ஆனால் தும்பின் குணம் மாறிவிடவில்லை.

இலங்கை வரலாற்றிலே, மழைக்கு அஞ்சி நெருப்புக் கருவியை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிச் சென்ற ஒருவரைப் பற்றித் தெளிவான சான்று இருக்கிறது. அவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிலே சிறையிருந்த ஆங்கிலேயர். விலங்கிட்ட சிறையன்று, ஊர்களிலே குடியிருந்து, தொப்பி பின்னி விற்றும் சில்லறை வாணிகம் செய்தும் வாழ்ந்தார். வாணிகத்தைச் சாட்டாகக்கொண்டு வடக்கே வடக்கே சென்று வழிகளை அறிந்துகொண்டார். புத்தளமும் அவர் நூலிலே இடம்பெறுகிறது. போர்ட்டலூன் என்று பெயரைச் சிதைத்து எழுதியிருப்பினும், அரசனுடைய நாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் அங்கிருந்தே செல்கின்றன என்று குறிப்பிடத் தவறவில்லை.

1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நொக்ஸும் அவர் தோழர் ஸ்டீபன் றட்லண்டும் அனுராதபுரத்திலிருந்து ஆற்றின் வழியே காட்டுக்குள் நுழைந்தனர். மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் வழங்கும் அந்த ஆறே மன்னார்ப் பக்கத்தில் அருவியாறு எனப்படுவது. ஒக்டோபர் நடுப்பகுதி, வானத்தை நம்ப முடியாத காலம். அவர்கள் கையிலிருந்த பொருள்களை நொக்ஸ் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறார். பத்து நாளுக்கு வேண்டிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு பாத்திரம், நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை, மழை பெய்தால் அடியிற் படுத்துறங்கும் அளவுக்குப் பெரிய தாளிப்பனையோலை இரண்டு, வெல்லமும் பலகாரமும், புகையிலை, வெற்றிலை, முள் தைக்காதபடி செருப்புத் தைக்க ஒரு மான்தோல். இவற்றிடையே நெருப்புப் பெட்டகம் இரண்டு மூன்று என்றும், ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்பதற்காகவே அவ்வாறு எடுத்ததாகவும் குறிப்பிடுகிறார்.

நெருப்புப் பெட்டகம் என்பது இக்காலத்து நெருப்புப்பெட்டியன்று. அதனுள்ளே ஓர் உருக்குத் துண்டும் சக்கிமுக்கிக் கல்லும் கருக்கிய துணியும் இருக்கும். கல்லால் உருக்கை உரசிப் பறக்கும் பொறியைக் கருகிய துணியில் ஏற்று, ஊதிக் கனலாக்கி, கந்தகம் தோய்த்த சிராயிலே சுடராக்குவது அக்காலத்து ஐரோப்பியர் முறை. உருக்கு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். கல் நனைந்தால் கேடில்லை. துணி நனைந்தால் எல்லாம் போயிற்று. அதனாலேயே ஒன்றுக்கு இரண்டு மூன்று. பாத்திரம் ஒன்று போதும், சுரைக்குடுக்கை இரண்டு போதும் என்று அளந்து கட்டிய அந்த மூட்டையிலே, பழுதாகக்கூடும் என்று முன்னரே எண்ணி மிகையாக எடுத்த பொருள் இது ஒன்றே. பத்தொன்பது மழைக்காலங்களை மலைநாட்டிலே கழித்தவரின் அறிவு அந்தச் சிறு குறிப்பிலே அடங்கியிருக்கிறது. காட்டிலே அரிசியைச் சோறாக்க நெருப்பு வேண்டும். யானைகள் நீருக்கு இறங்கும் ஆற்றங்கரையில் இரவைக் கழிக்கவும் நெருப்பு வேண்டும். ஊருக்குள் சென்று தணல் கேட்டால் பிடிபடுவது உறுதி. ஒக்டோபர் 18ஆந் திகதி சனிக்கிழமை இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தனர். அரிப்பு, கற்பிட்டிக்கு வடக்கே, அதே மேற்குக் கரையிலேயே உள்ளது. நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதிலே அரசாட்சியையும் மக்கள் வழக்கங்களையும் பற்றிய பகுதிகளையே அறிஞர் பெரிதும் எடுத்தாள்வர். மூட்டைப் பட்டியலை எடுத்தாள்வோர் குறைவு. ஆனால் மூட்டை சரியாக இருந்திராவிட்டால் நூலே இருந்திராது.

இன்னும் பழைய சான்றொன்று 1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்குமுன் இறந்த ஒரு மனிதனின் உடல், உடையோடும் பொருள்களோடும் அங்கே கிடைத்தது. அவன் இடைப்பையிலே மரக்காளான் ஒன்றிலிருந்து எடுத்த பஞ்சு இருந்தது. மரப்பட்டையாற் செய்த கலமொன்றிலே பச்சிலைகளிற் பொதிந்த கரித்துண்டுகள் இருந்தன. பஞ்சு ஒருபுறம், தணல் ஒருபுறம். அவனும் ஒன்றை மட்டும் நம்பியிருக்கவில்லை.

உரசுகுச்சி வந்தபின்னரே மனிதர் இந்த எச்சரிக்கையை மறந்தனர். 1827இல் இங்கிலாந்திலே யோன் வாக்கர் உரசுகுச்சிகளை விற்கத் தொடங்கினார். பின்வந்த குச்சிகளில் வெண்பொசுபரசு சேர்ந்தது. அது தொழிலாளரின் தாடையெலும்பை அரித்ததால், 1906இல் பேர்ண் நகரில் எழுந்த உடன்படிக்கை அதனைத் தடைசெய்தது. சுவீடனிலே 1844இல் பாஸ்க் என்பார் வகுத்த முறையே இன்றைய காவற்குச்சிக்கு அடிப்படை. தமிழ்நாட்டிலே சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்றுவந்து 1923இல் தொழில் தொடங்கியபின், நெருப்புப்பெட்டி குடிசைதோறும் எளிதிற் கிடைக்கும் பண்டமாயிற்று. எளிதிற் கிடைப்பதைக் கருத்தாய்க் காப்பவர் யார்?

காவற்குச்சியின் தலையிலே பொற்றாசியங் குளோரேற்றும் கந்தகமும் கண்ணாடித் தூளும் ஒருவகைப் பசையாற் பிணைக்கப்பட்டிருக்கின்றன. செம்பொசுபரசு பெட்டியின் பக்கத்திலேதான் உள்ளது. பசை ஈரத்தில் இளகும். குளோரேற்று நீரிற் கரையும். ஆதலால் நனைந்த குச்சியை வெயிலிலே காயவைத்தாலும் பழைய வலு வருவதில்லை. கடல்நீரில் நனைந்ததாயின் கேடு இன்னும் பெரிது. கடலுப்பிலுள்ள மகனீசியங் குளோரைட்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. மாரிகாலத்தில் உப்புச் சாடி கசிவது ஏன் என்பதைப் புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்வோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பேறிய குச்சியும் உப்பேறிய பஞ்சும் உப்பேறிய விறகும் காய்ந்துவிட்டன போலத் தோன்றும். இரவு வந்ததும் மீண்டும் ஈரமாகும்.

வாயு நிரப்பிய பற்றவைப்பான் இப்போது பெரும்பாலார் பையிலே இருக்கிறது. அது நனைந்தால் பொறி எழாது. ஆயினும் சக்கரத்தைத் துடைத்து ஊதிக் காயவிட்டால் மீண்டும் வேலை செய்யும். இவ்வகையிற் குச்சியினும் அது மேலானது. அதன் பொறிக்கல் உண்மையிற் கல்லன்று. சீரியமும் இரும்பும் சேர்ந்த கலப்புலோகம். ஒஸ்திரிய நாட்டு அறிஞர் கார்ல் அவர் வொன் வெல்ஸ்பாக் 1903இல் கண்டது. அதே மனிதரே விளக்கு மந்திலையும் ஆக்கியவர். பெற்றோமாக்ஸ் விளக்கேற்றி இரவு மீன்பிடித்த மீனவர் தலைமுறை அவருக்கு இருமுறை கடன்பட்டது என்றாலும் தகும். அந்தக் கலப்புலோகத்தைச் சற்றுப் பெரிய கோலாக வார்த்து விற்கிறார்கள். கத்தி முதுகாற் சுரண்டினால் மிகுசூடான பொறிகள் சிந்தும். நீரிலே போட்டெடுத்தாலும் கெடாது. ஆனால் பொறி விழுவதற்கு உலர்ந்த பஞ்சு இல்லையேல் அக்கோல் வெறும் வேடிக்கைப் பொருளே. கருவி எவ்வளவு திருந்தினாலும் முடிவில் எல்லாம் அந்தக் கைப்பிடிப் பஞ்சிலேயே வந்து நிற்கிறது.

அப்பஞ்சை எதனாற் செய்வது? கடையிலே விலை கொடுத்து வாங்கும் அயல்நாட்டுப் பொதிகளும் உண்டு. இந்தக் கரையிலே அவை தேவையில்லை.

இலவம்பஞ்சை முதலிற் கூறலாம். அதன் இழை உள்ளே துளையுடையது; மேலே மெழுகுத் தன்மையான பூச்சு உள்ளது. நீர் அதிலே எளிதில் ஒட்டாது. அதனாலேயே முற்காலத்துக் கப்பல்களின் மிதப்பு அங்கிகளில் அதனை நிரப்பினார்கள். பொறி பட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும்; ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து முடிந்துவிடும். சாதாரணப் பருத்திப் பஞ்சோ நீரை உறிஞ்சும். அதனுடன் வசிலீனைச் சேர்த்துப் பிசைந்தால் இரண்டு குறையும் தீரும். கொழுப்பு நீரைத் தடுக்கும். பஞ்சு திரியாக நின்று கொழுப்பை மெல்ல மெல்ல எரிக்கும். பாக்களவான உருண்டையொன்றைப் பிய்த்து விரித்துப் பற்றவைத்தால் சில நிமிடம் நின்றெரியும். பழந்துணியை உருக்கிய மெழுகுதிரியிலே தோய்த்து எடுத்தாலும் இதே பயன். தேங்காயெண்ணெயும் எரியும்; ஆனால் கசியும், பொதியை நாசமாக்கும்.

கற்பூரத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நீரிலே கரைவதில்லை என்றே சொல்லலாம், மிதந்துகொண்டே எரியும். கோயிற்றட்டிலே எரிகின்ற அதே கட்டி மழையிலும் எரியும். எரியும்போது வெடிப்பதில்லை, சிதறுவதில்லை. ஒரேயொரு குறை, திறந்து வைத்தால் தானே ஆவியாகிக் காணாமற்போவது. ஆறு மாதத்துக்குமுன் தாளிலே சுற்றி வைத்த கற்பூரத்தைத் தேடுபவர் தாளை மட்டுமே காண்பார். இறுக மூடிய குப்பியிலே வைத்தால் அந்தக் குறை இல்லை. தோணிகளின் பொருத்துவாய் அடைக்கப் பயன்பட்ட குங்கிலியமும் இவ்வாறே ஈரத்துக்கு அஞ்சாதது. நொறுக்கித் தும்போடு கலந்தால் புகையோடு நன்கு எரியும். துவிச்சக்கரவண்டியின் பழைய உட்குழாயை விரலகலத்துக்கு நறுக்கினால், அதுவும் மழையிற் பற்றும். நாற்றம் பொறுக்க முடியாது, ஆயினும் அந்த நேரத்தில் நாற்றத்தைப் பார்ப்பவர் யார்?

மண்ணெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் விடலாகாது. வள்ளத்தின் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய் கையிலிருப்பதால், அதனை ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்று பலர் நம்புகின்றனர். துணியிலோ மணலிலோ தோய்த்து, பின்பு பற்றவைத்தால் அது உதவும். எரியத் தொடங்கிய நெருப்பின்மேல் ஊற்றினாற் சுடர் ஊற்றுங் கலத்துக்கே ஏறிவரும். பெற்றோலாயின் இன்னும் கொடிது. அதன் ஆவி நிலத்தோடு படர்ந்து, தள்ளி நிற்பவனையும் வந்து பற்றும். வள்ளத்துக்குள்ளே இவற்றை எரிக்கவே கூடாது. இக்கால வள்ளங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டவை, தாமே எரியும் பொருள்கள்.

பஞ்சு எரியத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஈரக் கட்டை நேரே அதன்மேல் ஏறினால் மேலே சொன்ன கணக்கு மீண்டும் வந்து நிற்கும். முதலில் ஈர மணலுக்கும் நெருப்புக்கும் இடையே சிப்பியோ மட்டையோ சிறு தடிகளோ பரப்ப வேண்டும். இல்லாவிடில் கீழிருந்து ஏறும் ஈரமே நெருப்பைத் தின்றுவிடும். பிறகு, மழை தொடாத உள்ளிடங்களைத் தேட வேண்டும். மரத்திலிருந்து அண்மையில் விழுந்த முற்றிய தேங்காயின் வெளித்தோல் எளிதில் நீர் புகவிடாதது. பொச்சைப் பிளந்தால் உள்ளேயிருக்கும் தும்பு மாரியிலும் உலர்ந்திருக்கும். அலையிலே நாட்கணக்காக ஊறிக் கரையொதுங்கிய காயில் இந்த நன்மை இல்லை. தென்னையின் பன்னாடை, குலைகளின் மறைவிலே இருப்பதால் வெளிப்புறம் நனைந்தாலும் உட்புறத்தில் உலர்ந்த பகுதி அகப்படும். சாய்ந்து நிற்கும் காய்ந்த தடியை வெட்டிப் பிளந்தால் நடுப்பகுதி உலர்ந்திருக்கும். கிடையாக மணலிற் புதைந்து கிடந்த தடி அப்படியிராது. பிளந்த தடியை நெருப்புக்குச்சியளவு சிராய்களாகச் சீவ வேண்டும், பிறகு விரலளவு, பிறகு கையளவு. மற்ற விறகை நெருப்பைச் சுற்றி அடுக்கிவைத்தால் தன் முறை வருமுன்பே அது காயும். கண்டல் விறகு கனமானது, கிடைத்தால் நெடுநேரம் சூடு தரும். ஆனால் அதைக்கொண்டு நெருப்பைத் தொடங்க நினைப்பது வீண் முயற்சி. இவ்வளவுக்கும் பொறுமை வேண்டும். குளிர்ந்த விரல்கள் நடுங்கும், கத்தி வழுக்கும். ஆகையால் சிராயெல்லாம் சீவி முடித்து அருகிலே குவித்த பின்னரே பஞ்சைப் பற்றவைக்க வேண்டும். பஞ்சைக் கொளுத்திவிட்டு விறகு பொறுக்க ஓடுபவர் திரும்பி வரும்போது சாம்பலைக் காண்பார்.

நெருப்பு மூண்டபின் அது சோறும் சூடும் மட்டும் தருவதில்லை. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972இல் நாடுகள் உடன்பட்ட விதிகளின் பின்னிணைப்பிலே, ஆபத்துக் குறிகளுள் ஒன்றாகக் கலத்திலிருந்து எழும் தீச்சுடரும் சொல்லப்பட்டுள்ளது. தார்ப்பீப்பாயோ எண்ணெய்ப்பீப்பாயோ எரிப்பதை அங்கே எடுத்துக்காட்டாகக் கூறியிருக்கிறார்கள். பெருங்கப்பலை நினைத்து எழுதிய விதியாதலால் சிறு வள்ளத்தில் அதனை அப்படியே செய்தல் ஆகாது. கரையில் மூட்டிய நெருப்போ இரவிலே சுடராலும், பகலிலே பச்சிலை இட்டால் எழும் புகையாலும் தேடிவருவோருக்கு இடத்தைக் காட்டும்.

இந்தக் குடாநாடு மழைக்காலத்து நெருப்பின் அருமையை ஒருமுறை பெருந்துயரோடு கண்டது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே, வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களிலேறிக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். வடகீழ்ப் பருவம் தொடங்கும் நாள்கள் அவை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததையெல்லாம் விட்டு, கையிற் கொள்ளத் தக்கதை மட்டும் எடுத்து வந்தவர்கள். குடாநாட்டிலும் புத்தளத்தைச் சூழவுமிருந்த மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தம் உணவைப் பகிர்ந்தனர். பின்னர் தென்னந்தோட்டங்களிடையே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மூன்று கல்லை வைத்து அடுப்பாக்குவது எளிது. அந்த அடுப்பிலே ஈர மட்டையைப் புகைத்துப் புகைத்துக் கண் கலங்கிக் கஞ்சி காய்ச்சிய தாய்மாருக்கு, எது புகையால் வந்த கண்ணீர், எது வீட்டை நினைத்து வந்த கண்ணீர் என்று பிரித்தறியவும் நேரமிருந்திராது. அந்தக் கொட்டில்களிற் பிறந்தவர்கள் இப்போது தாமே பிள்ளைகளுக்குப் பெற்றோர். பலர் இந்த மண்ணிலேயே ஊன்றிவிட்டனர்.

அதே குடாநாட்டிலே, நுரைச்சோலையில், 2011 முதல் நிலக்கரி மின்னிலையம் இயங்குகிறது. 900 மெகாவாற்று வலுவுடையது. நாட்டின் பெரிய அடுப்பு என்று சொல்லத் தக்கது. அத்தகைய கொதிகலங்களிலும் நிலக்கரித் தூள் தானாகப் பற்றுவதில்லை. முதலில் எண்ணெயை எரித்துச் சூடேற்றிய பின்னரே தூளை ஊத வேண்டும். எத்தாளை மீனவனின் வசிலீன் பஞ்சு செய்யும் வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது.

இனிப் பொதியைக் கட்டும் முறை. வாயகன்ற சிறு மருந்துக்குப்பி, திருகுமூடி உடையது, போதுமானது. அடியிலே வசிலீன் பஞ்சுருண்டை நான்கைந்து; அதன்மேல் இறுகச் சுற்றிய கற்பூரக் கட்டிகள்; ஓரத்திலே குச்சிகள் பத்து, தலையை உருகிய மெழுகில் தோய்த்தவை; நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்திலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. குச்சியை வைத்து உரசுபக்கத்தை மறந்தவர்கள் உண்டு. காவற்குச்சி வேறெங்கு உரசினாலும் எளிதிற் பற்றாது. மூடியைத் திருகி, மூடியும் குப்பியும் சேருமிடத்திலே மெழுகு வார்த்து, பொலித்தீன் பை இரண்டிலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டும். நொக்ஸ் செய்ததுபோல் இத்தகைய குப்பி இரண்டு வேண்டும். ஒன்று வள்ளத்தின் முன்னணியத்தில். மற்றொன்று ஆளின் இடுப்பில். வள்ளம் கவிழ்ந்தால் அணியத்திலுள்ளது வள்ளத்தோடு போகும். ஆள் நீந்திக் கரையேறும்போது இடுப்பிலுள்ளதே கூடவரும். பற்றவைப்பானையும் கயிற்றிலே கோத்துக் கழுத்திற் போட்டுக்கொள்ளலாம்.

குப்பியை ஒருமுறை கட்டிவிட்டுப் பல ஆண்டு மறந்துவிடுவதும் வழக்கமே. வசிலீன் வெயிற்சூட்டில் உருகி அடியில் தேங்கும்; மெழுகு வெடிக்கும்; கற்பூரம் சிறுக்கும். ஆகஸ்ட் மாதத்திலே தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு யாத்திரிகர் வந்து மரத்தடியிற் பொங்கி உண்டு திரும்பும் காலம், வானம் இன்னும் தெளிந்திருக்கும் காலம். மழைக்கு முன்னர் அதுவே நல்ல தவணை. பழைய குப்பியை உடைத்து, உள்ளிருந்ததை வீட்டடுப்பிலே, ஒரு குவளை நீரை வேண்டுமென்றே தெளித்த மட்டையின்மேல் வைத்துப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். பற்றினால் அன்றைய தேநீர் அதிலே கொதிக்கும். பற்றாவிட்டால், பற்றாதென்பது மணற்றிட்டிலன்றி வீட்டு முற்றத்திலே தெரிந்ததாக எண்ணிக்கொண்டு, புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்.